வாயப்பயமும் வாளப்பளமும்: கள்ளக்குறிச்சியில் ஒரு பேச்சு டீச்சர்

பல் டாக்டரிடம் போனால் பல்லைக் காட்டலாம், கண் டாக்டரிடம் போனால் கண்ணைக் காட்டலாம். எங்களிடம் வருகிறவரிடம் மட்டும் ‘உங்களுக்கு என்ன பிரச்சினை, சொல்லுங்க’ என்று கேட்க முடியாது, சொல்ல முடியவில்லை என்பதுதானே அவருடைய பிரச்சினை.

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். வாசலில் ‘பேச்சுப் பயிற்சி மையம்’ என்று போர்டு வைத்திருக்கிறோம். கள்ளக்குறிச்சி ஆட்டோக்காரர்கள் ‘பேச்சு டீச்சர் ஆஸ்பத்திரி’ என்று சொல்லித்தான் ஆட்களை இறக்கிவிடுகிறார்கள். சொந்த ஊர் திருநெல்வேலி. இங்கே வந்து பல வருடம் ஆகிறது. நோயாளிகளைப் பார்ப்பதோடு, படிப்பு முடித்து ஒரு வருடப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு வேலை கற்றுக்கொடுப்பதும் என் பொறுப்பு. நான் சொல்லப்போவது நிவேதா, ஸ்டெல்லா என்ற இரண்டு பெண்கள் வந்த வருடத்துக் கதை. நிவேதா தஞ்சாவூர்ப் பெண், படிப்பில் முதலிடம். ஸ்டெல்லா சங்கராபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம், அப்பா அம்மா இருவரும் விவசாயம், ஞாயிறு தவறாமல் கோயில், அந்த வீட்டில் முதல் பட்டதாரி.

ஊர் விட்டு ஊர் வந்து, அந்த ஊர்ப் பேச்சு பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தலையாட்டிக்கொண்டு வேலை பார்க்கும் டீச்சர்களே, நர்ஸுகளே, பேங்க் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர்களே, நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும். அதனால் வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

காக்காவும் தாத்தாவும்

இரண்டு பெண்களும் சேர்ந்த முதல் வாரம். சங்கராபுரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தன் நான்கு வயது மகன் கவினைக் கூட்டிக்கொண்டு வந்தார். உட்கார்ந்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ‘இருங்கம்மா, முதல்ல டெஸ்ட் எடுத்துடறோம்’ என்று கையமர்த்தினேன். புதுப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் அல்லவா? படம் போட்ட அட்டைகளை நான் ஒவ்வொன்றாகக் காட்ட, பையன் பெயர் சொல்ல, நிவேதா மார்க் போட்டாள். வீடு படத்துக்கு ‘வூடு’ என்றான். தப்பு. வாழைப்பழத்துக்கு ‘வாயப்பயம்’. தப்பு. மழைக்கு ‘மய’. அதுவும் தப்பு. மொத்தம் பதினொரு தப்பு என்று கூட்டிக் கொடுத்தாள். நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, ஆறு மாதமாவது வர வேண்டியிருக்கும் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன்.

அவர் ஆடிப்போய்விட்டார். ‘இன்னாங்க தப்பா சொன்னான்?’ என்று கேட்டார். பட்டியலை வாசித்தேன். ‘வூட்ட வூடுன்னாம வேற எப்டிங்க சொல்றது?’ என்றார் அவர், உண்மையிலேயே குழம்பி. ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. நான் மறுபடி தாளைப் பார்த்தேன். அந்தப் பக்கத்து வழக்கை எல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சியது ஒன்றே ஒன்று. ‘க’ வர வேண்டிய இடத்தில் எல்லாம் பையனுக்கு ‘த’ வந்தது. அதைச் சொன்னதும் அந்த அம்மாவுக்கு மூச்சு வந்தது.

“அத்தத்தாங்க வந்தவொடனே சொல்ல வந்தேன். காக்காவப் பாத்தா தாத்தா தாத்தான்னு கத்துறான். எங்க மாமனாரு கோச்சிக்கினு கொல்லப்பக்கமே வர மாட்டேன்றாரு.”

எத்தனை மார்க்?

கவினுக்கு இரண்டு மாதத்தில் ‘க’ வந்துவிட்டது. எனக்குத்தான் புத்தி வர வேண்டியிருந்தது. அந்த மார்க் தாளைத் திருத்துவதென்று முடிவு செய்து, இரண்டு பெண்களையும் உட்காரவைத்து வகுப்பு எடுத்தேன். ஓர் ஊரில் எல்லோரும் ஒரு மாதிரி பேசினால் அது குறையாகாது, அது அந்த ஊர்த் தமிழ். குறை எது, வழக்கு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் நல்ல பிள்ளைக்கு வைத்தியம் பார்ப்போம், வைத்தியம் தேவைப்படும் பிள்ளையைக் கோட்டை விடுவோம் என்று ஒரு மணி நேரம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். நடுவில் ‘பழம்’ என்ற சொல்லையே பத்து இருபது தடவை உதாரணம் காட்டினேன்.

முடித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிவேதா தஞ்சாவூர், ‘ழ’ அவள் நாக்கில் வழுக்கிக்கொண்டு வரும். அவள் நோட்டை மூடினாள். ஸ்டெல்லாதான் கையைத் தூக்கினாள்.

“மேடம், நீங்க ‘வாளப்பளம்’னுதான் சொல்றீங்க. மொத நாள்லேந்து பாத்துக்கினு இருக்கோம். உங்களுக்கு எத்தினி மார்க்கு போடறது?”

நக்கோ

பாஷா பாய் கள்ளக்குறிச்சியில் தையல்கடை வைத்திருந்தவர். அறுபது வயதுக்கு மேல். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மருமகன் காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போவார், மதியம் வந்து அழைத்துப்போவார். நிவேதாவிடம் ஒப்படைத்தேன். அவள் பொறுமையாக, ‘காபி சொல்லுங்க பாய், காபி’ என்று ஆரம்பித்தாள். அவர் சிரமப்பட்டு வாயைத் திறந்து ‘நக்கோ’ என்றார். ‘க’ வந்துவிட்டதே என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். கைதட்டினாள். ‘சாப்பாடு’ என்றாள். ‘நக்கோ’ என்றார். ‘அர்த்தமில்லாத ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்’ என்று எழுதிவைத்தாள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்தாவது நாள் அவர் மனைவி வந்தார். ஓரமாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் கவனித்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு புரிந்தது. ‘எங்க வூட்ல உருது பேசுவோம்மா. நக்கோன்னா வேணாம்னு அர்த்தம். நாலு நாளா வேணாம் வேணாம்னு சொல்லிக்கினு இருக்காரு, நீங்க நல்லா சொல்றீங்க இன்னொரு தபா சொல்லுங்கன்னு கைதட்டிக்கினு இருக்கீங்க’ என்றார். நிவேதாவின் முகம் வாடிவிட்டது. சாயந்தரம் பஸ் ஏறி ஊருக்குப் போய்விடுவாள் என்றுகூட நினைத்தேன். மறுநாள் காலை எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்களின் விவரம் எழுதும் படிவத்தில், பேருக்கும் வயதுக்கும் மேலே, ‘வீட்டில் என்ன பாஷை?’ என்று முதல் கேள்வியாகச் சேர்த்து எழுதியிருந்தாள்.

பிறகு பாயின் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உருதுவில்தான் தொடங்கினோம். சொல்லித் தர எங்களுக்கு உருது தெரியாது. என்ன செய்ய வேண்டும் என்று நாங்கள் சொல்ல, அவர் மனைவி அதை உருதுவில் செய்வார். பேரப்பிள்ளைகளின் பெயர்கள் முதலில் வந்தன. அப்புறம் பானி, சாய், ரோட்டி. தமிழ் மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது. அதுவும் யாரும் சொல்லித்தராமல் வந்தது. ஒருநாள் நிவேதா புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பாய் அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். இடது கையால் அவள் தோளைச் சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்து, ஆனால் கோபம் குறையாமல் சொன்னார்.

“தோள்பட்ட... எறங்குது. எவன்... தெச்சான்?”

தெரிந்ததையே கேட்கிறவர்கள்

கல்வராயன் மலையிலிருந்து சின்னப்பொண்ணு என்ற தாய் தன் ஆறு வயது மகள் காவ்யாவோடு வந்தார். குழந்தை பிறக்கும்போதே மேல் அண்ணம் பிளந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து மூடியாகிவிட்டது. ஆனாலும் பேசும்போது காற்று எல்லாம் மூக்கு வழியாகப் போய்ப் பழகிவிட்டதால் ‘ப’ வர வேண்டிய இடத்தில் ‘ம’ வந்தது, ‘த’ வர வேண்டிய இடத்தில் ‘ந’ வந்தது. அந்த வருடம் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். பிள்ளை என்ன சொல்கிறாள் என்று டீச்சருக்குப் புரியவில்லை, பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவளைப் போலப் பேசிக் காட்டினார்கள். காவ்யா பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

நிவேதா மாம்பழப் படத்தைக் காட்டி ‘இது என்ன பாப்பா?’ என்று கேட்டாள். காவ்யா படத்தைப் பார்த்தாள், நிவேதாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. ஆடு, மாடு, குடை, கதவு எதற்கும் பதில் இல்லை. உச்சரிப்புக் குறை தவிர மொழி வளர்ச்சியும் குறைவோ என்று நிவேதா என் காதில் கேட்டாள். பாஷா பாய் விஷயத்தில் சூடுபட்டவர்கள் நாங்கள், எதையும் எழுதவில்லை. அம்மாவையே கேட்டோம். ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாள், வெட்கமா, பயமா என்று. சின்னப்பொண்ணு அதிகம் பேசாதவர். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

“மாம்பழம்னு அவளுக்கும் தெரியுது, உங்களுக்கும் தெரியுது. தெரிஞ்சதையே எதுக்குக் கேக்குறீங்கன்னு பாக்குறா. எங்க பக்கம் தெரியாததத்தாங்க கேப்பாங்க.”

நான் என்ன காளியா?

ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து கோவிந்தன் என்ற பெரியவர் வந்தார். நிலபுலம் உள்ளவர். பாஷா பாய்க்கு வந்த அதே பக்கவாதம்தான். ஆனால் இவருக்குச் சொற்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன, நாக்குதான் குழறியது. மருமகள் துணைக்கு வந்திருந்தார். நிவேதா பாடப்புத்தகத்தில் உள்ளபடி, ‘ஐயா, நாக்க வெளிய நீட்டுங்க’ என்றாள். பெரியவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் வரவே மாட்டேன் என்று வண்டியில் ஏற மறுத்துவிட்டதாக மருமகள் போன் செய்தார்.

‘பிடிவாதக்காரர் மேடம்’ என்றாள் நிவேதா. நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். ‘ஊர்ல நாலு பேரு எழுந்து நின்னு கும்புடுற மனுசன் மேடம். மருமக எதிர்ல ரெண்டு சின்னப் பொண்ணுங்க நாக்க நீட்டுன்னா நீட்டுவாரா?’ என்றாள் அவள். பேசிப் பார்த்து வரவழைத்தோம். மருமகளை வெளியே உட்காரச் சொல்லி, கதவைச் சாத்தினோம். நிவேதாவே யோசித்து வேறு வழி கண்டுபிடித்தாள். ‘ஐயா, பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவுல பாக்குத் துண்டு மாட்டிக்கிச்சின்னு வெச்சுக்குங்க. நாக்கால அத எடுங்க பாப்போம்’ என்றாள். விழுங்குவதில் சிரமம் இருந்ததால் நிஜப் பாக்கு கிடையாது, பாவனைதான். பெரியவர் இடப்பக்கம் எடுத்தார், வலப்பக்கம் எடுத்தார், மேலே எடுத்தார். பாக்கு போடுகிற மனிதருக்கு அது ஒரு வேலையா? பேச்சுப் பயிற்சிக்கும் எங்கள் வாக்கியங்களை விட்டுவிட்டு அவருடையதை எடுத்துக்கொண்டோம். ‘மோட்டாரப் போடு’, ‘மடைய மாத்து’, ‘அந்த ஆள வரச் சொல்லு’. ஆட்களை வேலை வாங்கும் குரலில் அவற்றைச் சொல்லிச் சொல்லி நாக்கு திருந்தியது.

கடைசியாக வந்த நாளில் பேச்சு மணிமணியாக இருந்தது. போகும்போது நிவேதா, ‘ஐயா, அன்னிக்கு ஏன் எங்க மேல அவ்வளவு கோவம்?’ என்று கேட்டாள். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“பின்ன இன்னாம்மா, வந்ததும் வராததுமா நாக்க நீட்டு நாக்க நீட்டுன்னா? நான் இன்னா காளியாத்தாவா?”

வராமல் போனவர்கள்

காவ்யாவுக்கு வருவோம். தெரியாததைக் கேளுங்கள் என்று அவள் அம்மா சொன்ன பிறகு, நிவேதா தனக்கு உண்மையிலேயே தெரியாததைக் கேட்டாள். உங்க ஊரில் பலாப்பழத்தை எப்படி அறுப்பீர்கள், கையில் பால் ஒட்டாதா என்று. குழந்தை கால் மணி நேரம் பேசினாள். பாதி சொற்கள் மூக்கோடு போய்விட்டன, ஆனால் மொழிக்கு ஒரு குறையும் இல்லை என்பது தெளிவாகிவிட்டது. வாரம் ஒருமுறை காலை ஒன்பதரைக்கு வரச் சொன்னோம். மூன்று மாதம் வந்தார்கள். எப்போதும் தாமதம், பதினொன்று, பதினொன்றரை. ஒவ்வொரு முறையும் நான் கடிந்துகொண்டேன். ஒருநாள் வரவில்லை, அடுத்த வாரமும் இல்லை. ‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்று எழுதி ஃபைலை மூடினேன்.

ஸ்டெல்லா அந்த ஃபைலைத் திரும்ப என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். ‘ஒரு தபா நாமளே போய்ப் பாத்துட்டு எழுதலாம் மேடம்’ என்றாள். சனிக்கிழமை மூவரும் மலைக்குப் பஸ் ஏறினோம். வளைவு வளைவாக ஏறியதில் நிவேதாவுக்கு இரண்டு முறை வாந்தி. இறங்கிய இடத்திலிருந்து ஊருக்கு நடக்க வேண்டும் என்றார்கள். கொஞ்ச தூரம் என்றார்கள். அந்தக் கொஞ்ச தூரம் முடிந்தபாடில்லை. மரவள்ளிக் கொல்லைகளைத் தாண்டி, ஓர் ஓடையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி ஏறி, அவர்கள் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். வாசலில் சாமை புடைக்க வைத்திருந்த முறத்துக்குப் பக்கத்தில் நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மலையிலிருந்து இறங்கும் முதல் பஸ்ஸைப் பிடித்தால்கூட ஒன்பதரைக்கு எங்கள் வாசலுக்கு வர முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சின்னப்பொண்ணு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. நான் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

“ஒரு நாளு வந்ததுக்கே உக்காந்துட்டீங்களே. நாங்க மூணு மாசம் வந்தோங்க.”

பயணச்சீட்டு தாருங்கள்

ஆரோக்கியம் சங்கராபுரத்தில் ஒரு விதை, உரக் கடையில் வேலை பார்ப்பவர். இருபத்தாறு வயது. திக்குவாய். வாடிக்கையாளரிடம் பேசும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறது என்பதால் முதலாளி அவரைக் கவுண்டரிலிருந்து எடுத்து கோடவுனில் மூட்டை எண்ணப் போட்டுவிட்டார். எங்களிடம் வந்தபோது தன் பெயரைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. ஆனால் ஸ்டெல்லாவுக்கு ஆச்சரியம். ‘இவரு எங்க பங்குக் கோயில்ல ஞாயித்துக்கிழம வாசகம் வாசிக்கிறவரு மேடம். ஒரு எழுத்துகூடத் திக்காது’ என்றாள். வாசிக்கச் சொன்னோம். ஏட்டுத் தமிழ் தங்குதடையில்லாமல் வந்தது. புத்தகத்தை மூடிவிட்டு ‘சாப்ட்டீங்களா?’ என்று கேட்டால் ‘சா... சா...’ என்று நின்றது.

அப்படியானால் வருகிற இடத்திலிருந்தே தொடங்குவோம் என்றாள் நிவேதா. முதலில் ஏட்டுத் தமிழிலேயே பேசுவது, பிறகு படிப்படியாக வீட்டுத் தமிழுக்கு இறங்குவது. வெளியிலும் பேசிப் பழக வேண்டும் என்று வீட்டுப்பாடம் கொடுத்தோம். அவர் பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கணீரென்று, ‘சின்னசேலத்திற்கு ஒரு பயணச்சீட்டு தாருங்கள்’ என்றிருக்கிறார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்ததாம். கண்டக்டர் அசராமல், ‘தருகிறேன், சில்லறை இருந்தால் தாருங்கள்’ என்றாராம். அதை எங்களிடம் வந்து சொல்லும்போது ஆரோக்கியம் சிரித்தார். சிரித்துக்கொண்டே முழுக்கதையையும் வீட்டுத் தமிழில் சொல்லி முடித்ததை அவரே கவனிக்கவில்லை.

திக்கு முழுசாகப் போய்விடவில்லை, போகும் என்று நாங்களும் சொல்லவில்லை. திக்கினால் நின்று, ‘கொஞ்சம் இருங்க, எனக்குத் திக்கும்’ என்று சொல்லிவிட்டுத் தொடரப் பழகிக்கொண்டார். முதலாளி மறுபடி கவுண்டரில் போட்டார். முதல் நாள் ஸ்டெல்லா அந்தக் கடை வாசலில் போய் நின்றிருக்கிறாள், வாழ்த்துச் சொல்ல. உள்ளே ஒரு விவசாயிக்குப் பூச்சிமருந்து எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சொல்லும்போது ஆரோக்கியத்துக்கு அடைத்துக்கொண்டது. கொஞ்சம் இருங்க, எனக்குத் திக்கும் என்றார். அந்த விவசாயி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

“நீ நிதானமாவே சொல்லுப்பா. தண்ணி அளவு மாறிப்பூட்டா பயிரு கருகிடும்.”

டவர்

மலைக்குப் போய் வந்த மறுநாளே ஒன்பதரை மணியை அழித்தேன். அவர்கள் வருவதற்குப் பதில் மாதம் இரண்டு சனிக்கிழமை நாங்கள் போவது, மற்ற நாட்களில் சின்னப்பொண்ணுவே பயிற்சி கொடுப்பது என்று முடிவானது. அடுத்த சனிக்கிழமை மலைக்குப் போய்ச் சொன்னதும், ‘நான் படிக்காதவங்க, எனக்கு இன்னா தெரியும்?’ என்றார் அவர். அவர் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா முறத்திலிருந்து ஒரு சிட்டிகை உமியை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து, உதட்டருகே கொண்டுபோய் ‘ப’ என்றாள். உமி பறந்தது. ‘ம’ என்றாள். உமி அப்படியே இருந்தது. வெறுமனே ஊதினால் கணக்கில்லை, ‘ப’ என்று சொல்லும்போது பறக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம் என்றோம். சின்னப்பொண்ணு ஒருமுறை செய்து பார்த்தார். அதற்குப் பிறகு எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. புடைக்கிற நேரமெல்லாம் பாடம் நடந்தது. தெருப்பிள்ளைகளும் வந்து உமி பறக்கவிட்டார்கள். காவ்யாவைக் கேலி செய்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்; போட்டி என்று வந்துவிட்டால் கேலிக்கு நேரமில்லை.

இதில் ஒரு விஷயம் எங்களுக்கு வெகுநாள் தெரியாது. காவ்யாவின் அப்பா அண்ணாமலை கேரளாவில் எஸ்டேட் வேலைக்குப் போயிருந்தார். ஞாயிறுதோறும் போன் செய்வார். குழந்தை ஆசையாகப் போனை வாங்கி ‘அப்பா’ என்பாள். மூக்கு வழியாக அது ‘அம்மா’ என்றுதான் போய்ச் சேரும். அவர், பிள்ளை அம்மாவைத் தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, ‘சரி கண்ணு, அம்மாகிட்டக் குடு’ என்பார். போன் கைமாறிவிடும். வாராவாரம் இதுதான் நடந்திருக்கிறது. சின்னப்பொண்ணு இதை எங்களிடம் சொன்னது ஐந்தாவது மாதம், உமி நன்றாகப் பறக்கத் தொடங்கிய பிறகு. முன்பே ஏன் சொல்லவில்லை என்றேன். நீங்கள் கேட்கவில்லையே என்றார்.

அடுத்த முறை நாங்கள் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயில் இருக்கிறது என்று ஸ்டெல்லா முதலில் தயங்கினாள், பிறகு விடிகாலைப் பூசையை முடித்துக்கொண்டு ஓடிவந்தாள். மதியம் போன் வந்தது. சின்னப்பொண்ணு ஸ்பீக்கரில் போட்டுக் காவ்யாவிடம் நீட்டினார். குழந்தை எதிரில் உமி இருப்பது போல உள்ளங்கையை உதட்டருகே வைத்துக்கொண்டாள். நிவேதா என் கையைப் பிடித்தாள், நகம் அழுந்தியது. ‘அப்பா’ என்றாள் காவ்யா. ‘அப்பா, நான் பள்ளிக்கூடம் போறேன்.’ ‘பள்ளிக்கூடம்’ கொஞ்சம் மூக்கோடு போனது, ‘அப்பா’ சுத்தமாக வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து அண்ணாமலையின் குரல் வந்தது, ‘ஏ சின்னப்பொண்ணு, இன்னிக்கு டவரு நல்லாருக்குது போலருக்குதே, பாப்பா பேசறது தெளிவா கேக்குது’ என்று. சின்னப்பொண்ணு போனை வாங்கவில்லை. குழந்தை கையிலேயே விட்டுவிட்டு, எட்ட நின்றபடி உரக்கச் சொன்னார்.

“டவரு அதேதாங்க. புள்ளதான் பேசுது, நீங்க பேசுங்க.”

மொத்தத்தில், அடுத்தவர் வாயைத் திறக்கவைத்துச் சம்பளம் வாங்கும் இந்தத் தொழிலில் இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது என் வாயை எப்போது மூடிக்கொள்ள வேண்டும் என்பதைத்தான், அதிலும் இன்னும் பாஸ் ஆகவில்லை.